வியர்வைச் சோதனைக் கருவிக்கு அனுமதி தருமுன்: சுகாதார அறிவியல் ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணைய அதிகாரிகளுக்கு வணக்கம்.

தோலில் ஒட்டிய பட்டையில் வியர்வையைச் சேர்த்து, கிறிஸ்பர் முறையில் (மரபணுத் திருத்தத்திற்குப் பயன்படும் அதே நுட்பத்தால்) ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியத் தொற்றைக் கண்டறியும் கருவி எதுவும் உங்கள் அனுமதிக்கு வந்தால், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியைக் கொண்டு பெற்ற முடிவுகளோடு நிறுத்திவிடாதீர்கள். துவாஸ், ஜூரோங் தளங்களில் வெயிலில் வேலை செய்தவர்களின் வியர்வையில் பெற்ற முடிவுகளையும் கேளுங்கள்.

இம்முறையில் பயன்படும் கேஸ்12ஏ நொதி, தேட வேண்டியதைச் சுட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவின் துணையுடன் கிருமியின் மரபணுவைக் கண்டதும் அருகிலுள்ள ஒற்றை இழை டிஎன்ஏவையெல்லாம் வெட்டத் தொடங்கும். குழாயில் சேர்த்துள்ள அடையாள டிஎன்ஏ இழை வெட்டுப்பட்டால், முடிவு காட்டும் சோதனைத்தாளில் கோடு விழும். சிக்கல் என்னவென்றால், நாம் தேடும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியே டிஎன்ஏவை வெட்டும் நொதியைச் சுரக்கிறது. சூடாக்கினாலும் அந்த நொதி எளிதில் செயலிழக்காது. அதுவே அடையாள இழையை வெட்டிவிட்டால், கேஸ்12ஏ எதையும் காணாமலே கோடு விழக்கூடும். கிருமியின் நொதிக்குக் கால்சியம் தேவை, கேஸ்12ஏக்கு மக்னீசியம் தேவை. எனவே இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் உதவாது. கால்சியத்தை அதிகமாகப் பற்றும் ஈஜிடிஏ வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் வழிகாட்டி ஆர்என்ஏ இல்லாத இரண்டாவது குழாய் கட்டாயம். அதிலும் கோடு விழுந்தால் முடிவு செல்லாது.

தவறான ‘இல்லை’யும் வரும். இக்கிருமியின் செல்சுவர் தடிமனானது. வெறும் சூட்டில் டிஎன்ஏ போதிய அளவு வெளிவராது. முதலில் அச்சுவரை உடைக்கும் லைசோஸ்டாஃபின் நொதியைச் சேர்த்து 37 பாகையில் வைக்க வேண்டும். அடுத்து, டிஎன்ஏவை ஒரே வெப்பநிலையில் பெருக்கும் ஆர்பிஏ என்ற படி, 37 முதல் 42 பாகையில் சுமார் 20 நிமிடம். காய்ந்த வியர்வையின் உப்பு, ஆர்பிஏ, கேஸ்12ஏ ஆகிய இரு வினைகளையும் மந்தமாக்கும். மாதிரியை நீர்க்கச் செய்தே சேர்க்க வேண்டும்.

மெத்திசிலின் மருந்தை எதிர்க்க உதவும் மெக்ஏ மரபணு தெரிந்தாலே எம்ஆர்எஸ்ஏ (அம்மருந்துக்கு அடங்காத ஆரியஸ்) என்று எழுதவும் விடாதீர்கள். தோலில் இயல்பாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸிலும் மெக்ஏ உண்டு. மெக்ஏவைத் தாங்கிய டிஎன்ஏ துண்டு ஆரியஸின் குரோமோசோமோடு இணையும் இடத்தையே குறிவைக்க வேண்டும்.

ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஆரியஸை மூக்கில் நோயின்றியே சுமக்கிறார்கள். அதனால் புண், சீழ், வீக்கம் இல்லாதவரிடம் தெரியும் கோடு நோயைக் காட்டாது. புண் இருந்தால் அதிலிருந்தே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கலாமே. தொழிலாளர் விடுதிகளில் இச்சோதனை நடந்தால், முடிவு மருத்துவரிடம் மட்டும் போகட்டும், முதலாளியிடம் போகக்கூடாது. இக்கருவி மரபணுவைத் திருத்தாது, குழாயில் கிருமியை மட்டுமே தேடும் என்பதையும் தமிழிலும் வங்காளத்திலும் பெட்டியின் மேல் அச்சிட வையுங்கள்.

இப்படிக்கு,
மூலக்கூறு நோயறிதல் துறையில் பணிபுரியும் சிங்கப்பூர்த் தமிழர்கள்