திருப்பூரில் இருக்கும் நண்பனுக்கு

கொட்டகலை, இலங்கை

அன்பின் நண்பா,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் உங்கள் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது, அங்கே போய் எப்படிப் பிழைப்பார்களோ என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தா. இன்றைக்கு உன் மகன் தையல் மெஷினில் தொடங்கி, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே பொறுப்பாகியிருக்கிறான். மனது நிறைந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் அப்படி மேலே வர இங்கே வழி இல்லையே என்ற ஆதங்கமும் கூடவே வந்தது.

இளசுகள் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போக விரும்புவதில்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கிய பிறகும் அப்படித்தான். ஓ.எல். பரீட்சை முடித்த பெண்பிள்ளைகள் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். போர்டிங் அறையில் நெருக்கியடித்துத் தங்கி, ஓவர்டைம் செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஜூக்கி தையல் மெஷினில் உட்கார்ந்தவள் ஊருக்குத் திரும்பும்வரை அதே மெஷினில்தான் இருக்கிறாள். கைத்திறமைக்குக் குறைவில்லை. மெஷின் திருத்துவது, பெற்றன் (ஆடையின் அளவு மாதிரி) வெட்டுவது, தையல் லைனை நடத்துவது போன்ற பயிற்சிகள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. வேலையில் கற்ற திறமையைப் பரிசோதித்தே என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறையும் உண்டு. அதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

1992இல் ஜனாதிபதி பிரேமதாச ஊருக்கு ஊர் 200 ஆடைத் தொழிற்சாலை என்று தொடங்கியது உனக்கும் செய்தியாக வந்திருக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் பின்தங்கிய இடங்களுக்குப் போன முதலாளிகள் பலரை இழுத்தது, வெளிநாட்டுக்கு இவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று அனுமதி தரும் ஏற்றுமதி கோட்டா. 2005இல் உலகம் முழுக்கக் கோட்டா முடிந்தது. சலுகையை மட்டும் நம்பி வந்த தொழிற்சாலை, சலுகை போனதும் தானும் போய்விடும். தேர்ந்த ஆட்கள் இருக்கிற ஊரை விட்டுப் போக எந்த முதலாளியும் யோசிப்பான்.

இன்னொன்று துணி. தைப்பது இங்கே, துணி பெரும்பாலும் சீனாவிலிருந்தும் உங்கள் நாட்டிலிருந்தும் வருகிறது. 2010இல் பறிபோய் 2017இல் திரும்பக் கிடைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை, சீனத் துணியில் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் கிடைக்காது. அதனால் துணியையும் இங்கேயே செய்வோம் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. செய்ய வேண்டியதுதான். சாயப்பட்டறையை மட்டும் மலைக்குக் கொண்டுவரக் கூடாது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை. உங்கள் ஊர் நொய்யல் ஆற்றுக்கு நடந்ததையும், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும் நீ எழுதியிருந்தாய். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை அங்கே திருந்தவில்லையே. சாயத்தோடு கலக்கிற உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது என்று நீ சொன்ன பிறகுதான் இதன் ஆழம் எனக்கு விளங்கியது. சாயம் போடுவது, உப்பையும் பிரித்தெடுக்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள இடங்களில் மட்டும் நடக்கட்டும். பின்னுவதும் வெட்டுவதும் தைப்பதும் ஆற்றைக் கெடுக்காத வேலைகள். அவை இங்கே வரட்டும்.

கழிவுத் தேயிலையில் சாயம் எடுக்கலாம் என்று பேத்தி சொல்கிறாள். உண்மைதான். சும்மா போட்டால் பழுப்பு, இரும்பு சேர்த்தால் கருஞ்சாம்பல். ஒரு சில பட்டறைகள் பிழைக்கும். ஆயிரம் பிள்ளைகளுக்கு அது வேலை தராது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து வாரஇறுதியில் வகுப்பு தொடங்கப் போகிறோம். கட்டுநாயக்காவிலிருந்து திரும்பிய பிள்ளை ஒருத்தி மெஷின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குத் தமிழில் பாடம் வேண்டும். நிட்டிங் மெஷின் பராமரிப்புக் குறிப்புகள், துணியில் வரும் குறைகளைப் படத்தோடு காட்டும் அட்டை, எது இருந்தாலும் மகனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். சித்திரைக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு நாளாவது எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்