புலி வேட்டைப் படத்தில் விட்டுப்போன ஆட்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பேரன் பள்ளிக்கூடத்துக்கு வரைந்த படத்தை அனுப்பியிருந்தாய். போனில் சொல்லலாமென்றால் இரண்டு நிமிஷத்தில் விளையாட ஓடிவிடுகிறான். அதனால் எழுதுகிறேன், நீ படித்துக் காட்டு.

புலி நன்றாக வந்திருக்கிறது. வால்தான் குரங்கு வால் மாதிரி நீண்டுவிட்டது. எதிரே தொப்பி போட்ட துரை ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார். பையனைக் குறை சொல்ல முடியாது. இங்கே சிங்கப்பூரிலேயே எல்லாருக்கும் தெரிந்த புலிக் கதைகள் இரண்டுதான், இரண்டிலும் துரைமார்தான் நாயகர்கள்.

ஒன்று கோல்மன் கதை. அவர் இங்கே பொதுப்பணிகளுக்கு மேலதிகாரியாக இருந்த துரை. 1835ல் சாலை போடக் காட்டுக்குள் நிலம் அளந்துகொண்டிருந்தபோது புலி பாய்ந்தது. தியோடலைட் கருவி உடைந்ததோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் காட்சியைப் பல வருஷம் கழித்து ஒரு ஜெர்மானிய ஓவியர் வரைந்தார். கோல்மன் நடுவில் இருப்பார், சுற்றிலும் நம் இந்திய ஆட்கள் தலைதெறிக்க ஓடுவார்கள், விழுந்து கிடப்பார்கள்.

இன்னொன்று ராஃபிள்ஸ் ஹோட்டல் புலி. 1902 ஆகஸ்டில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்டார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் இன்றைக்கும் அளந்துவிடுகிறார்கள். உண்மையில் பில்லியர்ட்ஸ் அறை இருந்த கட்டடம் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டியது, அதன் அடியில்தான் அது பதுங்கியிருந்தது. பக்கத்தில் நடந்த மிருகக் காட்சியிலிருந்து தப்பி வந்த விலங்கு, பாவம். சுட்டவர் ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர் ஃபிலிப்ஸ். இதை வேட்டை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆட்களை அடித்த புலிகள் வேறு. அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கேம்பியரில் ஆரம்பிக்க வேண்டும். கேம்பியர் ஒரு செடி. இலையைப் பறித்துப் பெரிய சட்டியில் கொதிக்கவைத்து வற்றச் செய்தால் காசுக்கட்டி போல ஒன்று கிடைக்கும். வெற்றிலைக்கும் போடுவார்கள், சாயத்துக்கும் தோல் பதனிடவும் கப்பலேறும். கொதித்து மிஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரம். அதனால் சீன முதலாளிகள் இரண்டையும் சேர்த்தே பயிரிட்டார்கள். அடுப்பெரிக்க விறகு, விறகுக்காகக் காடு. பதினைந்து இருபது வருஷத்தில் மண் செத்துவிடும், தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போவார்கள். விட்ட இடமெல்லாம் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு மண்டும். புலி பதுங்க வேறென்ன வேண்டும்? கடலுக்கு அக்கரையில் மலேசியப் பக்கம் இருக்கும் ஜோகூரிலிருந்து நீந்தியும் வந்தன. இரண்டு கரையையும் இணைக்கும் காஸ்வே சாலையின் நீளமே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தானே, புலிக்கு அது ஒரு தூரமா?

குனிந்து வேலை செய்பவனின் முதுகுப் பக்கமாகத்தான் புலி வரும். 1831ல் ஆள் செத்த செய்தி பத்திரிகையில் வந்தது. அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. சராசரியாக நாளைக்கு ஒரு சீனர் புலிக்குப் பலியாகிறார் என்று 1854ல் புக்கிட் தீமாவில் தங்கிப் பூச்சி பிடித்த வாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளரே எழுதிவைத்தார். மிகைப்படுத்தினார்கள் என்பவர்களும் உண்டு. ஆனால் பல சாவுகளைத் தோட்ட முதலாளிகள் வெளியே சொல்லவே இல்லை. சொன்னால் கூலிகள் ஓடிவிடுவார்கள், புதிதாக யாரும் வரமாட்டார்கள். சாவை மறைத்த இடத்தில் கணக்கு சரியா தப்பா என்று இன்றைக்கு அடித்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

அரசாங்கம் ஒரு புலிக்கு 50 வெள்ளி (டாலர்), 100 வெள்ளி என்று சன்மானத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தது. ஒரு கூலிக்கு அது கண்ணால் காணாத பணம். புலியின் தோலும் இறைச்சியும்கூட விலைபோயின. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் குழி வெட்டினார்கள். பதினைந்து இருபது அடி ஆழம், மேலே குறுகல், அடியில் அகலம். விழுந்தால் ஏற முடியாது. மேலே குச்சியும் இலையும் பரப்பிவிட்டால் குழி இருப்பதே தெரியாது. முன்பெல்லாம் அடியில் கூர்மையான கழியும் நட்டுவைப்பார்களாம். வழிப்போக்கன் ஒருவன் அதில் விழுந்து செத்த பிறகு கழி நடுவதைத் தடைசெய்தார்கள். வாலஸ் தானே பலமுறை குழியில் விழப் பார்த்துத் தப்பியிருக்கிறார். பயலுக்கு இந்தக் குழி விஷயம் ரொம்பப் பிடிக்கும், அதை வரையச் சொல்.

இப்போது நம் ஆட்களுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

1825ல் சுமத்ரா தீவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் வந்தவர்கள் மதராஸ் மாகாணத்தின் 80 பேர், பின்னாலேயே வங்காளத்தார். சாலை, பாலம், சதுப்பு தூர்ப்பது, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எல்லாம் அவர்கள் உழைப்பு. புக்கிட் தீமா சாலையைக் கிராஞ்சி வரைக்கும் 1845ல் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே, அது புலி நடமாடிய காடு. 1859ல் கவர்னராக வந்த கேவனா காலத்தில் ஒரு படி மேலே போய், இந்தக் கைதிகளிலேயே சிலரைக் குழுக்களாகப் பிரித்து, துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார் அம்மா. கடல் கடத்தித் தண்டனை கொடுத்தவன் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்புகிறார்கள். ஓடிவிடுவான் என்றோ திருப்பிச் சுடுவான் என்றோ பயப்படவில்லை. இங்கே கைதிகளுக்குக் காவலும் கைதிகளே. நன்னடத்தை உள்ளவன் படிப்படியாக மேலே வந்து மற்றவர்களை மேய்ப்பான். நம்பிக்கை என்று ஆங்கிலேயர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு: புலி அடித்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத ஆட்கள் அவர்கள். கேம்பியர் தோட்டத்துச் சீனக் கூலியும் அதே கணக்குதான்.

நான் டாக்சி ஓட்டிய காலத்தில் கோல்மன் ஸ்ட்ரீட், கேவனா ரோடு, கைதிகளுக்கு அதிகாரியாக இருந்த மெக்நேர் பெயரில் மெக்நேர் ரோடு என்று சுற்றாத நாளில்லை. வேட்டைக்குப் போன கைதிகள் பெயரில் ஒரு சந்துகூட என் கண்ணில் பட்டதில்லை.

அதனால் துரையை அழிக்க வேண்டாம், துரை இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் வேட்டி கட்டிய நாலு பேரைத் துப்பாக்கியோடு வரையச் சொல். ஓடுகிற மாதிரி வேண்டாம். பின்னால் கேம்பியர் அடுப்பும் அதன் புகையும் இருக்கட்டும், தள்ளி ஒரு குழி. டீச்சர் கேட்டால் தாத்தா சொன்னார் என்று சொல்லட்டும். மார்க் குறைந்தால் என்னிடம் பேசச் சொல்.

இன்னும் புலி இருக்கிறதா என்று கேட்டிருந்தான். 1930ல் சுவா சூ காங்கில் ஓங் கிம் ஹோங் என்பவரும் அவரோடு போனவர்களும் சுட்டதுதான் இங்கே கடைசிக் காட்டுப்புலி என்கிறார்கள். மலேசியாவிலேயே இப்போது 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. தைரியமாக வரலாம் என்று சொல்.

டிசம்பரில் அவனை புக்கிட் தீமா குன்றுக்குக் கூட்டிப்போகிறேன். உயரம் 163 மீட்டர்தான், ஆனால் மழை மாதம், பாதை வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ ஒன்று அங்கேயே வாங்கிவிடு, இங்கே அவன் அளவுக்குத் தேடி அலைய என்னால் முடியாது. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
அப்பா