நிழல் இல்லாத அழுகை

அன்புள்ள சங்கர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது அஸ்தம்பட்டி வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். ராத்திரியானால் சீரியல்தான். நானும் கூட உட்கார்ந்துவிடுகிறேன், ஆனால் கண் கதையை விட்டு லைட்டிங் பக்கம் போய்விடுகிறது.

நேற்று ஒரு காட்சி. நள்ளிரவு, மருமகள் யாருக்கும் தெரியாமல் சமையலறையில் நின்று அழுகிறாள். ஆனால் எவர்சில்வர் பாத்திரமெல்லாம் பளபளக்கிறது, சிலிண்டருக்குப் பின்னால்கூட நிழல் இல்லை, அவள் முகமோ கல்யாண வரவேற்பில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் சோகத்தை யார் சொல்வது? வயலின்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே இடத்தில் ஃபில் லைட்டை, அதாவது முகத்து நிழலைப் போக்கப் போடுகிற துணை விளக்கைக் குறைத்து, அடுப்புக்கு மேலே ஒரே ஒரு பல்பு மட்டும் எரிவதாக வைத்து, பாதி முகத்தை இருட்டில் விட்டிருந்தால் இசையே தேவைப்பட்டிருக்காதுடா.

இந்தச் சீரான வெளிச்சம் நகைச்சுவைக்குத்தான் பொருத்தம். 1951இல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரைப் பார்வையாளர்கள் முன்னால் மூன்று கேமராவில் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட்டை மாற்ற முடியாது, நடிகர் எங்கே ஓடினாலும் முகம் தெரிய வேண்டும், ஜோக் சொல்பவரைப் போலவே அதைக் கேட்டு முழிப்பவரும் தெரிய வேண்டும். அதனால் மேலிருந்து செட் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் கொடுத்தார்கள். அதைச் செய்த கார்ல் ஃபிராயிண்ட் யார் தெரியுமா? 1931இல் 'டிராகுலா' என்ற திகில் படத்தைப் படம்பிடித்தவர்! இருட்டை அவ்வளவு தெரிந்தவருக்குத்தான் அதை எங்கே துடைத்தெடுக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. நம் சீரியல்காரர்கள் அவசரத்துக்கு அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்கும் அதையே போடுகிறார்கள். தினமும் ஒரு எபிசோடு தர வேண்டிய நெருக்கடி எனக்குப் புரிகிறது, லைட்மேன்களைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் நிழல் இல்லாவிட்டாலே சிரிப்பு வரும் என்றும் இல்லை. போன வாரம் ஏற்காடு போயிருந்தோம், ஏரிப் பக்கம் ஒரே மூடுபனி. எந்தப் பொருளுக்கும் நிழலே இல்லை, இருந்தும் மனசு என்னவோ கனத்துப்போய்விட்டது. வெளிச்சம் மங்கலாக, கொஞ்சம் நீலம் பாய்ந்து இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம். பழைய டங்ஸ்டன் விளக்கு (இழை பல்பு) சுமார் 3200 கெல்வின், மஞ்சளாக வீட்டுக்குள் இருக்கிற உணர்வைத் தரும். பகல் வெளிச்சம் 5600 பக்கம், மேகமும் பனியும் சேர்ந்தால் இன்னும் நீலமாகும். நிழலோடு இந்த நிறத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். திரும்பும்போது நம் சேலத்துப் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டினோம். நிறமே இல்லாத காலத்தில் பயம், காதல், துரோகம் எல்லாவற்றையும் கறுப்பையும் வெள்ளையையும் வைத்தே சொன்ன ஊர் இது. அந்த ஊர்க்காரனுக்கு இந்த ஆதங்கம் இருக்காதா?

உன் பையன் குறும்படம் எடுக்கிறான் என்றாயே, வீட்டுக்குள் எடுக்கிற சோகக் காட்சி ஏதாவது இருந்தால் ஃபில் லைட்டை அணைத்துவிட்டு ஒரு டேக், போட்டு ஒரு டேக் எடுக்கச் சொல். இரண்டையும் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்க்கட்டும். எனக்கும் அனுப்பச் சொல்.

அன்புடன்,
முரளி