ஏரிக்கரைத் தெரு முனையில் குப்பை எரிப்பதை நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்
காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் மனைவி,
ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: தெரு முனையில் குப்பை எரிப்பதை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சுகாதார ஆய்வாளரிடமும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் நான் முன்பு கொடுத்த மனுக்கள். இதுவரை பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வரும் எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். போன மழையில் வடிகால் அடைத்துக்கொண்டபோது தாங்களே வந்து வேப்பமரத்தடியில் நின்று வேலை வாங்கினீர்கள். இப்போது அதே மரத்தடியில்தான் சுற்று வட்டாரக் குப்பையெல்லாம் கொட்டி எரிக்கிறார்கள். மரத்துக்கு நேர் எதிர் வீடு எங்களுடையது.

1. என் கணவர் லாரி ஓட்டுநர். காசநோய்க்கு அரசு மருந்து சாப்பிடுகிறார். மொத்தம் ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. முதல் கட்டத்தை ஒரு வேளைகூடத் தவறாமல் முடித்துவிட்டார்.

2. மருந்தோடு நல்ல ஓய்வு வேண்டும், ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இது காற்றில் பரவும் நோய். அடைத்த அறையில் கிருமி தங்கிவிடும், காற்றோட்டம் இருந்தால் கலைந்து போகும். அதனால் கட்டிலைக் கிழக்கு ஜன்னல் ஓரமாகப் போட்டோம்.

3. அந்த ஜன்னலைத்தான் திறக்க முடியவில்லை. பகலில் எரித்தால் யாராவது கேட்பார்கள் என்று விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத் தீ வைக்கிறார்கள். இரவெல்லாம் இருமி ஓய்ந்து அவர் கண் அசரும் நேரம் அது. பனிக்காலமாக இருப்பதால் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துக்கொள்கிறது. எண்ணெய்க் கவர், தெர்மாகோல், பழைய செருப்பு, டயர் எல்லாம் சேர்ந்து எரிகிற புகை. கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைக்கிறேன், அப்படியும் உள்ளே வருகிறது. ஜன்னலில் அடித்த கொசுவலையைத் தொட்டால் விரலில் கரி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. புகை ஏறியதும் அவரால் படுக்க முடியாது. எழுந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். சாப்பாடு இறங்குவதில்லை. உடம்பு தேற அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது, அதில் முட்டையும் பாலும் வாங்குகிறேன். இருமுகிற வேகத்தில் அதையும் வாந்தி எடுத்துவிடுகிறார். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகள் இருவரும் அவர் விட்ட மூச்சையே சுவாசிக்க வேண்டும். திறந்தால் எல்லோரும் புகையைச் சுவாசிக்க வேண்டும். நான் எதைத்தான் செய்வது, ஐயா?

4. சுகாதார ஆய்வாளரிடம் இதைச் சொன்னபோது, "அவ்வளவு கஷ்டமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்களேன்" என்றார். அந்தக் காலத்தில் சேர்த்தார்கள். 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் அமைத்தது நல்ல காற்றும் ஓய்வும் நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. அப்புறம் 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று அதில் தெரிந்தது, உலகமே அதை ஏற்றுக்கொண்டது. சரி, வீட்டிலேயே இருந்து குணமாகுங்கள் என்று சொன்னது அரசுதானே? அப்படியானால் எங்கள் வீடுதான் இப்போது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி வார்டு ஜன்னலுக்குக் கீழே டயரை எரிக்க விடுவீர்களா? கிருமியை மருந்து கொல்லும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புண்பட்ட நுரையீரல் ஆறுவதற்குத் தூக்கமும் நல்ல மூச்சும் வேண்டாமா?

5. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. இது தாங்கள் அறியாததல்ல. எரிப்பது நகராட்சி ஆட்களாக இருந்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

6. தூய்மைப் பணியாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரி வராவிட்டால் குப்பை சேர்ந்துபோகிறது, இடம் சுத்தமாக இல்லை என்று மேஸ்திரி திட்டுகிறார், அவர்கள் கொளுத்திவிடுகிறார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு அந்தப் புகையில் நிற்பவர்களும் அவர்கள்தான். லாரியை அனுப்பாதது யார் தவறு? போன மனுவிலும் இதையேதான் கேட்டேன். கையில் ரசீது இருக்கிறது, லாரி இன்னும் வரவில்லை.

ஐயா, நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எரிப்பதை இன்றோடு நிறுத்த உத்தரவிடுங்கள். குப்பை லாரி தினமும் வர ஏற்பாடு செய்யுங்கள். கொட்டும் இடத்தை வீடுகள் இல்லாத பக்கம் மாற்றுங்கள். மாற்ற நாளாகும் என்றால் பரவாயில்லை, எரிப்பதை மட்டுமாவது முதலில் நிறுத்துங்கள். என் கணவருக்கு இன்னும் மருந்து பாக்கி இருக்கிறது. அது முடியும்வரையாவது அவர் இரவில் படுத்துத் தூங்க வேண்டும். தயவுசெய்து இந்த மனுவுக்கும் ரசீது மட்டும் போட்டு வைத்துவிடாதீர்கள். ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தாங்களே வந்து பாருங்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து லாரி வரும் என்பதை எழுத்து மூலமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல், மருத்துவர் சீட்டின் நகல், தெருவாசிகள் கையெழுத்து.