போர்டு செய்யப் போகும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

டிடிஏ 2030 ஐசி வைத்த ஆம்ப்ளிஃபயருக்கு ரூமிலேயே சர்க்யூட் போர்டு செய்யப் போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம். பாலிடெக்னிக் லேபில் இதைச் சொல்லிக்கொடுத்தே என் சர்வீஸ் போனது, அந்த உரிமையும் இருக்கிறது.

செய்யாதே என்று சொல்ல மாட்டேன். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர், 1936 வாக்கில் லண்டனில் குடியிருந்த அறையில் வைத்துத்தான் பிரிண்டட் சர்க்யூட்டில் ஓடும் ரேடியோவைச் செய்து பார்த்தார். அவரும் உன்னைப் போல வாடகை அறைக்காரர்தான்!

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் காப்பர் கிளாட், அதாவது செம்புத் தகடு ஒட்டிய வெறும் போர்டு, வாங்கும்போது ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள 1.6 மில்லிமீட்டர் கனமுள்ளதாகக் கேள். கம்பிக்குப் பதிலாக ஓடும் செம்புக் கோடான டிராக்கின் அகலம் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், ஸ்பீக்கருக்கும் சப்ளைக்கும் போகிறதை இரண்டு மில்லிமீட்டராக்கு. காலி இடத்தையெல்லாம் கிரவுண்டோடு சேர்ந்த செம்பாக நிரப்பிவிடு. அரிக்க வேண்டிய செம்பு குறையும், அரிக்கிற கரைசலும் நிறைய நாள் வரும்.

பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டை விடுவது பிரிண்ட் எடுப்பதில். காகிதத்திலிருந்து செம்புக்குப் போகும்போது படம் இடவலமாகப் புரண்டுவிடும். ஆனால் அடிப்பக்கச் செம்பு லேயரை டிசைன் சாஃப்ட்வேர் மேலிருந்து பார்ப்பதாக ஏற்கனவே புரட்டியே காட்டும். அதைத்தான் போடுகிறாய் என்றால் மிரர் வைத்து இன்னொரு முறை புரட்டாதே, அப்படியே அச்சடி. சந்தேகமே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. செம்பு லேயரில் உன் பெயரை எழுதி வை. காகிதத்தில் அது இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தால் போர்டில் நேராக வரும். தப்பினால் என்ன ஆகும் தெரியுமா? ஐசியின் ஒன்றாம் கால் இன்புட், ஐந்தாம் கால் பாசிட்டிவ் சப்ளை. இரண்டும் இடம் மாறி, சப்ளை நேரே இன்புட்டுக்குப் போய்விடும்.

லேசர் பிரிண்டரோ ஜெராக்ஸோதான் வேண்டும், இங்க்ஜெட் உதவாது. டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டும். செம்பை ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, தின்னரால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. பளபளப்பான பத்திரிகைத் தாளில் எடுத்த பிரிண்டை வைத்து, தண்ணீர் ஊற்றாத இஸ்திரிப் பெட்டியால் அழுத்து, விளிம்பிலும் விடாமல். ஆறியதும் தண்ணீரில் ஊறப் போட்டு, கட்டைவிரலால் தாளை உருட்டி எடு. கால்களைச் சாலிடர் வைக்கும் செம்பு வட்டமான பேடின் நடு ஓட்டையில் வெள்ளையாகத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும், பல் துலக்கும் பிரஷால் அதையும் எடுத்துவிடு. அங்கே செம்பு அரிபட்டுப் பள்ளம் விழுந்தால்தான் டிரில் முனை வழுக்காமல் உட்காரும். டோனர் விட்டுப்போன இடத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் வரைந்துவிடு.

இனி, டோனர் மூடாத செம்பை அரித்தெடுக்கும் ஃபெரிக் குளோரைடு. எனக்குக் கவலையெல்லாம் இதில்தான். தூளாக வாங்கினால் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, தூள்மேல் தண்ணீரை ஊற்றாதே, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரே மட்டும்தான். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, எவர்சில்வரையும் அது புள்ளி புள்ளியாக அரிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல், எல்லாம் வேண்டும். டிரேயை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் வேலை சீக்கிரம் முடியும். போர்டின் செம்புப் பக்கம் கீழே பார்க்க மிதக்க விட்டு, டிரேயை லேசாக ஆட்டிக்கொண்டே இரு. பக்கத்திலேயே நில். கடைசிச் செம்பும் போனதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் டோனருக்கு அடியிலேயே புகுந்து டிராக்கை மெலிதாக்கிவிடும்.

டாய்லெட் ஆசிட்டோடு பெராக்சைடு கலந்தால் நிமிடத்தில் வேலை முடியும் என்று உனக்கு வீடியோவில் காட்டியிருப்பார்கள். குளோரின் வரும். ரூமில் அது வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் கரைசலைக் கொட்டிவிடாதே. பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதி வைத்தால் திரும்பத் திரும்ப உதவும். சக்தி தீர்ந்த பிறகும் வீட்டுக்காரம்மாவின் சிங்க்கில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்திருப்பது செம்பு, ஏரிக்குப் போனால் மீனுக்கு விஷம். கரைசலைப் பெரிய பக்கெட்டில் ஊற்றி, அதில் சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போடு, பொங்கும். பொங்குவது நின்று சகதி அடியில் தங்கும்வரை விடு. அந்தச் சகதியைச் சிமெண்டோடு குழைத்துக் கட்டியாக்கி, ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடு. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால், ஆன்லைனில் ஆர்டர் போட்டுச் செய்வித்துக்கொள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ரெசிஸ்டருக்கு 0.8, கனெக்டருக்கு 1 மில்லிமீட்டர் டிரில் பிட். துளையிடும்போதும் அறுக்கும்போதும் வருவது கண்ணாடி நார்த் தூசு, மாஸ்க் போட்டுக்கொள், போர்டை ஈரமாக வைத்து அறு. 230 வோல்ட்டை இந்தப் போர்டுக்குக் கொண்டு வராதே. நல்ல 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள், காசு இல்லையென்றால் அப்பாவிடம் கேள்.

இஸ்திரிப் பெட்டியை எடுப்பதற்கு முன் லே-அவுட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. சப்ளைக் கெபாசிட்டரை ஐசியை விட்டு எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா