பாலைவனத்துக்குக் கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். இரண்டு வண்டி, ஐந்து பேர், மூன்று இரவு. ஒற்றை வண்டியில் போகவில்லை என்று பார்த்ததுமே எனக்குப் பாதி நிம்மதி, ஏனென்றால் மணலில் புதைந்த வண்டியை வெளியே எடுக்கக் கூட வந்த வண்டியைப் போல வேறு எதுவும் கைகொடுக்காது. மேப்பைப் போனில் இறக்கி வைத்ததோடு காகிதத்திலும் எடுத்திருக்கிறாய், நல்லது. மனசை உறுத்துகிற விஷயம் ஒன்றுதான், தினமும் 200 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறாயே, அது.

தார் ரோட்டில் அது மூன்று மணி நேர ஓட்டம். மணல்மேடுகளுக்குள் மணிக்கு 15, 20 கிலோமீட்டர் போனாலே நன்றாகப் போகிறோம் என்று அர்த்தம், அதிலும் ஒரு வண்டி புதைந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும், பிறகு யாருக்காவது தலைவலிக்கும், ஒரு டயர் காற்று இறங்கும், மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் இன்னும் முக்கால்வாசி தூரம் பாக்கி இருக்கும், அப்போதுதான் ஓட்டுகிறவர்கள் அவசரப்படுவார்கள். இருட்டினால் மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவா, பள்ளமா என்று தெரியாது. உச்சி வெயிலிலும் கிட்டத்தட்ட அதே கதைதான், நிழல் இல்லாததால் மணல் முழுக்கத் தட்டையாகத் தெரியும். அதனால் நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று குறைத்துவிடு. விடிந்ததும் கிளம்புங்கள், அப்போது மணல் குளிர்ந்து கொஞ்சம் இறுகலாக இருக்கும். மதியம் நிழல் போட்டு உட்காருங்கள், நான்கு மணிக்குள் கூடாரம் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், எந்த இடத்தோடு திரும்ப வேண்டும் என்று எழுதவே இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதையும் இப்போதே எழுதி வை. தண்ணீர் இவ்வளவுக்குக் கீழே போனால், டீசல் இவ்வளவுக்குக் கீழே போனால், இத்தனை மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டவில்லை என்றால், பேச்சே இல்லாமல் திரும்புகிறோம் என்று ஐந்து பேரும் வீட்டிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் நின்றுகொண்டு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

தண்ணீர்க் கணக்கு போதவே போதாது. நீ 60 லிட்டர் என்று போட்டிருக்கிறாய். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர் வை, மண்வெட்டி பிடித்தால் அதுவும் பத்தாது. ஐந்து பேர், நான்கு பகல், மாட்டிக்கொண்டால் இருக்கட்டும் என்று மேலே இரண்டு நாள், ஆக 150 லிட்டர். சமையலுக்கும் கை கழுவவும் தனியாகக் கொஞ்சம். பெரிய டிரம் வேண்டாம்மா. எங்களோடு வந்த ஒரு வண்டியில் மொத்தத் தண்ணீரும் ஒரே டிரம்மில் இருந்தது, குலுக்கலில் அடியில் ஒரு மயிரிழை விரிசல் விட்டு, சாயங்காலம் திறந்து பார்த்தால் படுக்கைகள் மட்டும் நனைந்திருந்தன. சின்னச் சின்ன கேன்களாகப் பிரித்து இரண்டு வண்டியிலும் வை. 150 லிட்டர் என்றால் 150 கிலோ, கூரை மேல் ஏற்றினால் சரிவில் வண்டி கவிழப் பார்க்கும், பின் சீட்டை ஒட்டித் தரையில் வைத்துக் கட்டு. டீசலும் அப்படித்தான், இளகிய மணலில் லிட்டருக்குப் போகும் தூரம் பாதியாகக்கூடக் குறையும், ரோட்டு மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதே.

டயர் காற்றழுத்தத்தை 28 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே போதும் என்கிறானா உன் நண்பன்? போதாது. மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நான்கு டயரையும் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு. வால்வு மூடியைக் கழற்றி உடனே சட்டைப் பையில் போட்டுக்கொள், மணலில் விழுந்தால் கிடைக்காது. காற்று இறங்க இறங்க டயர் தரையில் படும் இடம் நீண்டுகொண்டே வரும், பக்கவாட்டில் லேசாகப் பிதுங்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே, அந்த நீளம்தான் வண்டியை மணல் மேல் மிதக்க வைக்கிறது. ரொம்ப இளகலாக இருந்தால் 15. அதற்கும் கீழே போகப் போக, வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து கூடும், அதனால் வேகமும் வேண்டாம், சட்டென்று திருப்பவும் வேண்டாம். திரும்பத் தார் ரோடு ஏறும் முன் கம்ப்ரஸரால் பழைய அளவுக்கு நிரப்பியாக வேண்டும், குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். இது ஒன்றும் புது வித்தை இல்லை. ரால்ஃப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1920களிலேயே சாதாரண ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்துக்குள் ஓட்டிப்போனார், டயரில் காற்றைக் குறைத்து, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு. நீ வாங்கியிருக்கிற பிளாஸ்டிக் பலகை அந்தத் தகட்டின் பேரன்தான்.

புதையாமல் யாரும் வரமாட்டார்கள். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடு. வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்துப் பார். வரவில்லையா, இறங்கித் தோண்டு. எல்லாரும் சக்கரத்துக்கு முன்னால் மட்டும் தோண்டுவார்கள், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கமாட்டார்கள். குப்புறப் படுத்துப் பார், அச்சுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற வரை மணலை இழுத்து வெளியே போடு, அப்புறம் பலகையைச் செருகு. கயிறு கட்டி இழுக்கிற நிலைமை வந்தால் ஒன்றை மட்டும் எனக்காகச் செய்: டிரெய்லர் மாட்டுகிற அந்த உருண்டைக் குமிழில் ஒருபோதும் கயிற்றை மாட்டவிடாதே. திடீர் இழுப்புக்கு அது செய்யப்பட்டதில்லை, உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்த இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று இரண்டு வண்டியிலும் இந்த வாரமே பார்த்து வை. இழுக்கும்போது கயிற்று நீளத்தைவிடத் தள்ளித்தான் எல்லாரும் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பவரும்தான்.

மேட்டில் நேராக ஏறு, நேராக இறங்கு, குறுக்கே போகாதே. இறங்கும்போது பின்பக்கம் வழுக்கினால் பிரேக் வேண்டாம், ஸ்டியரிங்கைச் சரிவுப் பக்கம் திருப்பி லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடு. ஒரு நாள் சின்ன மேட்டில் பழகினால் கை தானாகச் செய்யும்.

இரண்டாம் இரவுக்கு வறண்ட ஆற்றுப் படுகையைக் குறித்திருக்கிறாய். அதை மாற்று, கட்டாயம். மரநிழல், சமதளம், காற்று மறைவு எல்லாம் இருக்கும், தெரியும். ஆனால் எங்கோ தொலைவில் மலையில் பெய்த மழை, உன் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறபோதே படுகையில் வெள்ளமாக வந்துவிடும். 30 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைக்கும், 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையே அடித்துப் போகும். கரை மேலே ஏறிப் படுங்கள். ராத்திரி குளிரும், வறண்ட காற்று பகல் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை, நல்ல தூக்கப்பை எடுத்துப்போ. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கு, அந்த வெளிச்சத்தில் தேள் பச்சை நீலமாக மின்னும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடு.

தடம் இருக்கிற வழியிலேயே போங்கள். சில பாலைகளில் தரை மேல் கறுப்பாகப் பொருக்கு படிந்திருக்கும், அது உயிருள்ளது, நுண்ணுயிர்களும் பாசியினமும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் 1942இல் ராணுவப் பயிற்சிக்கு ஓடிய டாங்கிகளின் தடங்கள் இன்னும் அழியவில்லை. உன் டயர்த் தடமும் அப்படித்தான் கிடக்கும்.

வண்டி அடியோடு நின்றுபோனால் நடக்காதே பாப்பா. வண்டிப் பக்கத்திலேயே இருங்கள், மேலிருந்து தேடுகிறவருக்கு மனிதரைவிட வண்டிதான் முதலில் கண்ணில் படும், அதன் நிழலும் உங்களைக் காக்கும். போனில் செயற்கைக்கோள் வசதி இருக்கிறது என்கிறாய், அது எல்லா நாட்டிலும் எல்லா போனிலும் வேலை செய்யாது. ஆபத்தில் இயக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றை வாடகைக்காவது எடு, உன் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார். 1982இலிருந்து அந்தச் செயற்கைக்கோள் ஏற்பாடு ஆட்களைக் காப்பாற்றி வருகிறது.

கடைசியாக, வீட்டிலிருந்து உங்களைக் கவனிக்கப்போகிறவர் யார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். அதில் என் பெயரைப் போடு. வழி, இரவு தங்கும் இடங்கள், வண்டி எண்கள், பீக்கன் எண், எல்லார் ரத்த வகை, இவை எல்லாம் என்னிடம் இருக்கட்டும். நான்காம் நாள் மாலை ஆறு மணிக்குள் கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அதுவரை நான் போன் செய்து தொந்தரவு பண்ணமாட்டேன், அம்மாவையும் நானே சமாளித்துக்கொள்கிறேன். பத்து மணி வரை பொறுப்பேன், பத்தானதும் மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிடுவேன், அப்புறம் ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்கக்கூடாது. இந்த நேரங்கள் உனக்குச் சரிதானா என்று சொல். திருத்திய திட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, ஸ்டெப்னி ஒன்றா இரண்டா என்று நீ எழுதவே இல்லை, அதையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா