ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும் வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் கற்பிப்பவன் நான். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு ஒரு தடுப்பூசி வேண்டித் தங்களுக்கு இதை எழுதுகிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஏ, பி, சி எனப் பிரிக்கும் லான்ஸ்ஃபீல்ட் வகைப்பாட்டை ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிறேன். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு பெண் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். 1918இல் தங்கள் நிறுவனத்தில் சேர்ந்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட், ஆயுளின் பெரும்பகுதியை இந்த ஒரே கிருமிக்குச் செலவிட்டார். அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1958இல்தான் கிடைத்தது என்பது தனிக் கதை.

1901 ஜனவரியில், தங்கள் நிறுவனத்தைத் தோற்றுவித்த எண்ணெய்ச் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லரின் சின்னஞ்சிறு பேரன் செங்காய்ச்சலில் இறந்தான். ஆய்வு நிறுவனம் ஒன்று வேண்டுமென்ற யோசனையை அவருடைய ஆலோசகர் ஃபிரெடெரிக் கேட்ஸ் அதற்கு முன்பே முன்வைத்திருந்தார் என்றாலும், நிறுவனம் பிறந்தது அந்த ஆண்டில்தான். செங்காய்ச்சலைத் தருவது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை வலியாகத் தொடங்கி, ருமாட்டிக் காய்ச்சலுக்கு வழிவிட்டு, இதய வால்வுகளைச் சிதைப்பதும் அதுவே. அமெரிக்காவில் அந்த இதய நோய் அரிதாகிவிட்டது. இந்தியாவிலோ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்காகப் பள்ளிக்கு விடுப்பெடுத்து வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இக்கிருமிக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இதுவரை இல்லை.

காரணம் எளிதானதன்று. இக்கிருமியின் மேற்பரப்பில் லான்ஸ்ஃபீல்ட் கண்டறிந்த எம் புரதம் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளாக வேறுபடுகிறது; ஒரு வகைக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. தடுப்பூசியே இதயத்தைத் தாக்கும் எதிர்வினையைத் தூண்டிவிடுமோ என்ற அச்சமும் நெடுங்காலம் கையைக் கட்டிப்போட்டது. நோயாளிகள் ஏழைப் பிள்ளைகள் என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு அவசரமும் இல்லை.

இத்தகைய வேலைக்கு நெடுங்காலப் பொறுமை வேண்டும்; அது தங்களிடம் உண்டு. துறைப் பிரிவுகளே இல்லாமல், மாணவரிடம் கட்டணமும் வாங்காமல் இயங்கும் தங்கள் நிறுவனத்தில்தான் பெய்டன் ரௌஸ் 1911இல் கோழிகளில் கண்ட புற்றுநோய் வைரஸுக்கு 1966இல் நோபல் பரிசு வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆய்வு தங்கள் வளாகத்தில் தொடர்ந்து வந்திருப்பதை அறிவேன். ஓர் ஆய்வகத்தின் ஆர்வமாக இருந்ததைப் பல்கலைக்கழகத்தின் கடமையாக ஏற்குமாறு கேட்கிறேன். வட அமெரிக்காவில் பரவலாக உள்ள வகைகளை மட்டும் கணக்கில் கொண்ட தடுப்பூசி எங்களுக்குப் போதாது, ஏனெனில் இங்கு வகைகள் இன்னும் பலவாகச் சிதறிக் கிடக்கின்றன. எனவே இந்தியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களின் இளம் மருத்துவர்கள் சிலருக்கு, தம் ஊர்ப் பிள்ளைகளின் தொண்டையில் எடுத்த கிருமிகளோடு தங்களிடம் வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியன் ஒருவன்